காலிப் பெட்டியின் கணக்கு

ஒரு சட்டையை வாங்குகிறோம். சட்டை நம்முடையது ஆகிறது. அது வந்த பாலித்தீன் உறை, காலருக்குள் செருகியிருந்த அட்டை, கையை மடித்துப் பிடித்திருந்த கிளிப், எல்லாவற்றையும் கடல் தாண்டிச் சுமந்து வந்த அட்டைப்பெட்டி, இவை யாருடையவை? சட்டப்படி இவற்றையும் சேர்த்தே யாரோ வாங்கியிருக்கிறார்கள். ஆனால் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. விற்றவர் இவற்றை விற்றதாக நினைக்கவில்லை. வாங்கியவர் பிரித்த நொடியே கைகழுவுகிறார். குப்பை என்று நாம் சொல்வது பெரும்பாலும் உரிமை கொண்டாட ஆளில்லாத பொருளைத்தான். மற்றப் பொருள்கள் பழசாகித்தான் அந்த நிலைக்கு வருகின்றன. உறை மட்டும் புதிதாக இருக்கும்போதே அங்கே போய்ச் சேர்ந்துவிடுகிறது.

எனக்கு இந்தக் கேள்வியோடு பிழைப்பு வழியாகப் பழக்கம். முதுகலைப் படிப்புக்காக ஜெர்மனிக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர்களில் நானும் ஒருவன். தெற்கு ஜெர்மனியில் உள்ள நடுத்தர உற்பத்தி நிறுவனங்களுக்கு மென்பொருள் ஆலோசகராக வேலை செய்கிறேன். வால்வு செய்பவர்கள், பேரிங் செய்பவர்கள், வெளிநாட்டில் தைத்து இங்கே விற்கும் ஆடை நிறுவனத்தார் என்று பலரும் உண்டு. இவர்களுடைய தரவுத்தளத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் நேராகச் சில கட்டங்கள் இருக்கும்: அட்டை எத்தனை கிராம், பிளாஸ்டிக் எத்தனை கிராம், மரம் எத்தனை கிராம். அந்தக் கட்டங்களை நிரப்ப வைப்பதே பல மாதங்கள் என் முழுநேர வேலையாக இருந்திருக்கிறது.

கட்டங்கள் வந்த கதை 1991இல் தொடங்குகிறது. கிளாவுஸ் டோப்ஃபர் சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்தபோது ஜெர்மனி பேக்கேஜிங் பற்றி ஓர் ஆணை கொண்டுவந்தது. அதுவரை குப்பை ஊராட்சியின் தலைவலி. உறையைச் சந்தைக்கு அனுப்பியவரே அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்றது ஆணை. தொழில்துறை சும்மா இருக்கவில்லை. எல்லோரும் சேர்ந்து ஒரு பொது அமைப்பை உருவாக்கினார்கள். எடைக்குத் தக்க கட்டணத்தைக் கட்டிவிட்டால் அந்த அமைப்பு வீடுவீடாகச் சேகரித்துக்கொள்ளும். பொருள்களின் மேல் நாம் பார்த்த பச்சைப் புள்ளி அந்தக் கட்டணத்தின் அடையாளம்தான். 2019இல் வந்த புதிய சட்டம் பதிவேட்டைக் கடுமையாக்கியது. 2022 ஜூலையிலிருந்து உறையிட்டு விற்கும் ஒவ்வொருவரும் பதிவுசெய்தாக வேண்டும்.

இந்த ஏற்பாட்டை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். எடைக்குக் கட்டணம் என்பதால் பல உறைகள் மெலிந்தன. பிரித்துப் போடுவது ஒரு நாட்டின் பழக்கமாயிற்று. ஆனாலும் பேக்கேஜிங் குப்பை 1991இல் இருந்ததைவிட இன்று அதிகம். 2022இல் ஏறத்தாழ 1.9 கோடி டன். ‘திரும்ப எடுத்துக்கொள்’ என்று தொடங்கிய கட்டளை, நடைமுறையில் ‘கட்டிவிட்டுப் போ’ என்றாகிவிட்டது. ஒரு கூட்டத்தில், இந்தப் பெட்டிக்குள் பாதி காற்றுதானே, ஏன் இவ்வளவு பெரிது என்று கேட்டேன். நிதி மேலாளர் நிதானமாகப் பதில் சொன்னார்: “அதற்குத்தான் கட்டணம் கட்டுகிறோமே.”

அவர் சொன்னதில் பொய் இல்லை. நெறி சார்ந்த சிக்கலே அங்கேதான் இருக்கிறது. யூரி க்னீசி, ஆல்டோ ருஸ்டிச்சினி என்ற இரு பொருளியலாளர்கள் 2000ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இஸ்ரேலின் ஹைஃபா நகரக் குழந்தைகள் காப்பகங்களில், பிள்ளையை அழைத்துப்போகத் தாமதமாக வரும் பெற்றோருக்குச் சிறிய அபராதம் விதித்துப் பார்த்தார்கள். தாமதம் குறையவில்லை, கூடியது. அதுவரை காத்திருக்கும் ஆசிரியையை நினைத்து ஓடிவந்தவர்கள், இப்போது காசு கொடுத்து அந்த நேரத்தை வாங்கிக்கொண்டார்கள். அபராதத்தை எடுத்த பிறகும் பழைய கூச்சம் திரும்பவில்லை. கடனைக் கட்டுவது வேறு, பதில் சொல்வது வேறு. கட்டணம் முதலாவதைத் தீர்க்கிறது. தீர்த்த வேகத்தில் இரண்டாவதையும் தீர்த்துவிட்டதாக நம்ப வைக்கிறது.

இதே தொழிற்சாலைகளில் குப்பையாகாத பெட்டிகளும் உண்டு. கார் உதிரிபாகங்களைச் சுமக்கும் பிளாஸ்டிக் பெட்டிகளைப் பாருங்கள். அளவு எல்லா இடத்திலும் ஒன்று. ஒவ்வொன்றிலும் ஒட்டுச்சீட்டு, எண். நிரம்பிப் போகும், காலியாகத் திரும்பி வரும், கழுவி மறுபடி போகும். மென்பொருளில் ஒவ்வொரு சப்ளையருக்கும் பணக் கணக்குபோலவே பெட்டிக் கணக்கும் இருக்கிறது. மாதக் கடைசியில் இருநூறு பெட்டி குறைந்தால் கடிதம் போகும், தொலைபேசி ஒலிக்கும், சண்டைகூட நடக்கும். மரப் பேலட்டும் அப்படித்தான். 1200க்கு 800 மில்லிமீட்டர், 78 ஆணி. 1960களின் தொடக்கத்திலிருந்து ஐரோப்பா முழுக்க ‘ஒன்று கொடுத்தால் ஒன்று வாங்கு’ என்ற எளிய முறையில் அது சுற்றிவருகிறது. அந்தப் பெட்டிகளை யாரும் சூழலைக் காக்கும் நோக்கத்தோடு பேணவில்லை. பெட்டிக்கு ஒரு பெயரும் ஒரு கணக்கும் இருந்தன. அது போதுமானதாக இருந்தது.

நமக்கு இது புதிதில்லை. ஊரில் எவர்சில்வர் பாத்திரத்தில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டி வைப்பார்கள். கல்யாண வீட்டுக்கு இரவல் போனாலும் அது வீடு திரும்பிவிடும். பக்கத்து வீட்டிலிருந்து பாயசம் வந்த கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது. ஒன்றுமில்லாவிட்டால் கொஞ்சம் சர்க்கரையாவது போட்டுக் கொடுக்க வேண்டும். கிண்ணமும் ஓர் உறைதான். ஆனால் அதை உறையென்று யாரும் நினைத்ததில்லை, ஏனென்றால் இரண்டு வீட்டுக்கும் இடையே இருந்த தொடர்பு அதில் ஏறியிருந்தது. தொடர்பு அறுந்த இடத்தில்தான் பொருள் குப்பையாகிறது.

இங்கேயே நிறுத்தினால் கட்டுரை இனிமையாக முடியும், உண்மையாக முடியாது. திரும்பி வருவதெல்லாம் மறுபடி பயன்படுவதில்லை. ஜெர்மனியில் 2003 முதல், ஒருமுறை மட்டும் பயன்படும் பானப் புட்டிகளுக்கும் வைப்புத்தொகை உண்டு. இன்று அது 25 சென்ட். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் கடைக்குத் திரும்புகின்றன, இயந்திரத்துக்குள் நசுங்குகின்றன. மறுபடி நிரப்பும் புட்டிகளின் பங்கு 70 விழுக்காடாக வேண்டும் என்று சட்டம் இலக்கு வைத்திருக்கிறது. உண்மையில் பாதியைக்கூட அது எட்டவில்லை. நீலகிரியில் 2022 மே முதல் டாஸ்மாக் கடைகள் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலி பாட்டில் வந்தால் திருப்பித் தருகின்றன. காட்டில் எறிந்த கண்ணாடி விலங்குகளைக் காயப்படுத்துவதைச் சென்னை உயர் நீதிமன்றம் கையிலெடுத்ததன் விளைவு அது. அங்கே நோக்கம் யானையின் கால். அதற்கு அந்தப் பத்து ரூபாய் நல்ல வழிதான். ஆனால் எல்லா உறைக்கும் அதுவே வழியாகாது.

தூரமும் ஒரு தடை. திருப்பூரிலிருந்து ஹாம்பர்க்குக்குக் கப்பலில் வரும் பெட்டியைக் காலியாகத் திருப்பி அனுப்பினால் எரிபொருள்தான் வீண். உறையே வேண்டாம் என்பதும் பேதைமை. எண்ணெய்த்தாள் சுற்றாத பேரிங் துருப்பிடித்தால் வீணாவது எஃகும், அதை உருக்கிய நெருப்பும், கடைந்தவரின் உழைப்பும். நல்ல உறை பொருளுக்குச் செய்யும் மரியாதை. ஆகவே, எவ்வளவு போதும் என்று யார் சொல்வது, யார் காதில் சொல்வது என்பதே என் கேள்வி.

ஆடை நிறுவனத்துக்காக வேலை செய்தபோது, அவர்களுக்குத் தைத்துத் தரும் திருப்பூர் நிறுவனத்துக்கும் ஒருமுறை போயிருந்தேன். பேக்கிங் மேசைகளில் பெண்கள் ஒவ்வொரு பனியனையும் தனித்தனிக் கவரில் போட்டார்கள். பத்துக் கவர்களை இன்னொரு பெரிய கவரில் போட்டு, பிறகு பெட்டியில் அடுக்கினார்கள். எல்லாம் பையர் அனுப்பிய கையேட்டின்படி. கடைசிக் கவர் எதற்கு என்று மேற்பார்வையாளரிடம் கேட்டேன். “எங்களுக்கென்னங்க சார், பையர் சொல்றதப் போடறோம். கவரக் கொறச்சு அனுப்பி, ஒரு பீஸ்ல கறை பட்டா யாருங்க பதில் சொல்றது?” என்றார்.

அதே பெட்டிகள் ஜெர்மனியில் பிரிபடும் கிடங்கையும் எனக்குத் தெரியும். அங்கே கத்தியும் கையுமாக இருபது வருடங்களுக்கு மேல் நிற்கும் ஊழியர் ஒருவர் சொன்னார்: அந்தப் பெரிய கவரால் இதுவரை ஒரு துணிகூடப் பிழைத்ததாக அவர் கண்டதில்லை; அவருடைய நாளில் பாதி அதைக் கிழிப்பதில் போகிறது. இதை யாரிடமாவது சொன்னீர்களா என்றேன். திரையைக் காட்டினார். புகார் பதிவுசெய்யும் பட்டியலில் ‘உடைந்தது’, ‘குறைந்தது’, ‘மாறி வந்தது’, ‘ஈரம்’ என்றெல்லாம் குறியீடுகள் இருந்தன. ‘அதிகம்’ என்பதற்குக் குறியீடு இல்லை.

நான் பார்த்த மற்ற நிறுவனங்களின் பட்டியல்களிலும் அது இல்லை. கட்டியவர் காதுக்கு எட்டும் செய்தி ஒரே வகை: போதவில்லை. ஒரு பனியன் கறைபட்டால் மின்னஞ்சல், அபராதம், அடுத்த ஆர்டர் பற்றிய பயம். பத்து லட்சம் கவர்கள் வீணானால் மௌனம். இந்த நிலையில் அறிவுள்ள எவரும் இன்னொரு கவரைத்தான் சேர்ப்பார். அதைப் பேராசை என்று சொல்ல மாட்டேன். உறைக்குள் உறையாகத் திரண்டிருப்பது பயம். அந்தப் பயத்தைச் சுமப்பவர்கள் கிழிப்பவரும், பொறுக்குபவரும், நூறு வருடம் கழித்து வரப்போகும் மண்ணும்.

நம் வீடுகளிலும் இது நடக்கிறது. ஊரிலிருந்து வரும் ஊறுகாய்ப் பாட்டிலை நினைத்துப் பாருங்கள். மூடிமேல் டேப், அதன்மேல் கவர், அதன்மேல் செய்தித்தாள், அதன்மேல் இன்னும் மூன்று கவர், கடைசியில் பழைய துண்டு. என்றோ ஒருமுறை, “எண்ணெய் கசிஞ்சு துணியெல்லாம் நாசம்மா” என்று ஃபோனில் சொல்லியிருப்போம். அந்த ஒரு செய்தி பதினைந்து வருடமாகப் பெட்டியில் வந்துகொண்டிருக்கிறது. “ஒண்ணும் ஆகலைம்மா, அடுத்த தடவை ரெண்டு கவர் போதும்” என்று அழைத்துச் சொன்னவர்கள் நம்மில் எத்தனை பேர்?

ஜெர்மன் தத்துவவாதி ஹான்ஸ் யோனாஸ் பொறுப்பு பற்றிய தம் நூலை 1979இல் வெளியிட்டார். பழைய அறவியல் பக்கத்தில் இருப்பவரை மனதில் வைத்து உருவானது. தொழில்நுட்பம் நம் செயலின் விளைவை நாம் பார்க்காத இடத்துக்கும் காலத்துக்கும் கொண்டுபோய்விட்டது. பொறுப்பும் அவ்வளவு தூரம் போயாக வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். கிண்ணத்தின் அறம் பக்கத்து வீட்டோடு முடிகிறது. ஹாம்பர்க்குக்கும் திருப்பூருக்கும் இடையே கிண்ணம் திரும்ப முடியாது. ஆனால் செய்தி திரும்ப முடியும். பெட்டி வராவிட்டாலும், அதைப் பிரித்தவரின் சொல் அதைக் கட்டியவரிடம் வந்து சேர வேண்டும். பதில் சொல்லும் பொறுப்பு என்பதற்கு இன்றைய தொழிலில் நான் காணும் குறைந்தபட்சப் பொருள் இதுதான்.

சட்டமும் மெல்ல அந்தப் பக்கம் திரும்புகிறது. 2025இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய பேக்கேஜிங் ஒழுங்குமுறைப்படி, இந்தப் பத்தாண்டின் முடிவிலிருந்து அனுப்பும் பெட்டியில் வெற்றிடம் பாதிக்குமேல் இருக்கக் கூடாது. காற்றுத் தலையணை, காகிதச் சுருள் போன்ற நிரப்பிகளும் வெற்றிடமாகவே கணக்கிடப்படும். அதிகம் என்பதும் ஒரு பிழைதான் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் எந்தப் பெட்டியில் எது அதிகம் என்பதைச் சட்டத்தால் பார்க்க முடியாது. கத்தி பிடித்த கைக்குத்தான் அது தெரியும்.

அந்த ஆடை நிறுவனத்தின் பட்டியலில் ‘அதிகம்’ என்ற குறியீட்டைச் சேர்க்கலாம் என்று முன்வைத்தேன். மென்பொருளில் அது அரை மணி நேர வேலை. விவாதம் மூன்று கூட்டங்கள் நடந்தது. தரப் பிரிவின் தலைவர் கேட்டது நியாயமான கேள்வி: “பெரிய கவரை எடுத்துவிடச் சொல்லி, ஒரு கண்டெய்னரே ஈரமாகி வந்தால் யார் பொறுப்பு? திருப்பூர்க்காரர் தலையில் கட்டுவோமா?” திருப்பூரில் கேட்ட அதே கேள்வி, ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து. அறை கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. ஒரே ஒரு பனியன் வகைக்கு, ஒரே ஒரு பருவத்துக்குப் பெரிய கவர் இல்லாமல் அனுப்பிப் பார்ப்பது, கறைபட்டால் நட்டம் வாங்குபவருடையது, தைத்தவருடையது அல்ல என்று முடிவாயிற்று. அதை ஒரு தாளில் எழுதி, நிறுவனத்தின் உரிமையாளர் கையெழுத்துப் போட்டார். கட்டண ரசீதுக்குக் கணக்குப் பிரிவின் முத்திரையே போதும். இந்தத் தாளுக்கு ஒரு மனிதரின் பெயர் வேண்டியிருந்தது.