பட்டினத்தாரும் கோவைக் கரும்பும்

பேய்க்கரும்பின் நுனி எங்கே இனிக்கிறதோ அங்கே முக்தி என்பது பட்டினத்தாருக்குக் கிடைத்த வாக்கு. திருவொற்றியூரில் இனித்ததாம். இனிப் பிறவி வேண்டாம் என்றவர் கையில் போயும் போயும் கரும்பு! வயல் கரும்புக்குத்தான் பிறப்பே கிடையாதே.

கோபி பக்கம் நாங்கள் விதை போட்டுக் கரும்பு வளர்ப்பதில்லை. இருபருக் கரணையாக வெட்டிப் பாரில் பதிப்போம். பரு முளைக்கும்போது நடப்பது மைட்டாசிஸ் என்ற செல்பிரிவு. செல் தன் குரோமோசோம்கள் அத்தனையையும் படியெடுத்து, இரண்டு சேய்ச் செல்களுக்கும் முழுசாகக் கொடுத்துவிடும். அறுத்தால் மறுதாம்பு, அதிலிருந்து மறுபடி கரணை. "கரும்புக்கு ஏதுடா சாமி சாவு?" என்பார் எங்க அய்யன். பள்ளியில் தாவரவியல் நடத்திக்கொண்டிருந்த எனக்கும் அதை மறுக்கத் தோன்றியதில்லை.

மியாசிஸ் என்ற இன்னொரு செல்பிரிவு நடப்பது பூவில். ஒருமுறை படியெடுத்து இருமுறை பிரியும். இணை குரோமோசோம்கள் ஒட்டி நின்று துண்டுகளை மாற்றிக்கொண்ட பிறகே விலகும். கடைசியில் பாதிக் குரோமோசோம்களோடு நான்கு செல்கள், ஒன்றைப்போல் ஒன்று இருக்காது. வடக்கே சரியாகப் பூக்காத கரும்பு கோவையில் பூக்கும். 1912இல் கரும்பு இனப்பெருக்கு நிலையம் இங்கே வந்ததற்கு அது முக்கியக் காரணம். அங்கிருந்த ஆய்வாளர்கள் பார்பரும் வெங்கட்ராமனும் இனிப்புக் கரும்பை நம்மூர் நாணலோடு கலந்தார்கள். அந்த நாணலையும் பேய்க்கரும்பு என்பதுண்டு. அப்படிப் பிறந்த கோ 205 என்ற ரகம் 1918இல் வெளிவந்து பஞ்சாப் வரை போனது.

பாதியை விடுவதால் மியாசிஸைத் துறவு என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் கரும்பு அவ்வளவு ஒழுங்கான சீடன் இல்லை. நாணல் தன் 64 குரோமோசோம்களில் 32ஐக் கொடுத்தது. தாய்க்கரும்போ 80ஐயும் குறைக்காமல் கொடுத்துவிட்டது. பிள்ளைக்கு 112!

சாவில்லாத கரணையின் கதி என்ன? உத்தரப் பிரதேசத்தில் கோ 0238 என்ற ஒரே ரகம் வயலுக்கு வயல் பரவியிருந்தது. செவ்வழுகல் நோய் வந்தபோது, ஒரு தூருக்கு வந்தது எல்லாத் தூருக்கும் வந்தது. நோயும் கரணை வழியே போகும். அதே நானாகவே தொடர்வதை வரம் என்று இனி நான் ஒப்பமாட்டேன்.

மனிதர்களுக்கும் அந்த ஆசை உண்டு. குலதெய்வக் கோயிலில் பேரனுக்கு முடியெடுக்கையில், "தாத்தனே திரும்பி வந்துட்டாரு" என்பார்கள். கணக்குப்படி அவனிடம் தாத்தன் சுமார் கால்பங்குதான், அதுவும் கலைத்துப் போட்ட கால்பங்கு. தாத்தன் பேரைத் தாராளமாக வையுங்கள். தாத்தன் மாதிரியே இரு என்று மட்டும் அந்தப் பையனைப் படுத்தாதீர்கள்.