கரண்டி யார் கையில்?

தமிழில் 'கரண்டி' என்ற ஒரே சொல் இரண்டு பொருள்களுக்குப் பெயராக இருக்கிறது. ஒன்று அடுக்களையில் குழம்பைக் கிளறுவது. மற்றொன்று கொத்தனார் கையில் இருந்து கலவையை அள்ளிச் சுவரில் அப்புவது. முதல் கரண்டியைப் பெண்ணின் கையில் கொடுத்து, 'இது உனக்கே உரியது' என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறோம். இரண்டாவது கரண்டியை அவள் தொட்டால் சாரத்தின் மேல் நிற்கிறவர்கள் சிரிக்கிறார்கள். இந்த வேற்றுமைக்கு என்ன நியாயம் என்பதுதான் என் கேள்வி.

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்பார்கள். கட்டிப் பார்த்த நேயர்களுக்கு வேலைத் தலத்தின் வரிசையைச் சொல்ல வேண்டியதில்லை. மேலே மேஸ்திரி, அடுத்தபடி கொத்தனார், அவருக்குக் கையாளாகப் பெரியாள், எல்லாருக்கும் கீழே சித்தாள். பெரியாள் என்றால் ஆண், சித்தாள் என்றால் பெண். சிறிய ஆள் என்பது சிற்றாள் ஆகிச் சித்தாள் ஆயிற்று. இதில் வயதுக்கு இடமே கிடையாது. ஐம்பது வயதான, பேரன் பேத்தி எடுத்த அம்மாள் சிறிய ஆள். மீசை அரும்பாத பையன் பெரிய ஆள். கூலியும் இந்தப் பெயர்களின் வரிசைப்படியே இறங்கி வருகிறது.

சித்தாளின் வேலை என்ன? மணல் சலிப்பது, ஜல்லி அள்ளுவது, தண்ணீர் சுமப்பது, கலவையைப் பாண்டில் வாங்கித் தலையில் ஏற்றிக் கொண்டு மாடிக்குப் போவது. செங்கல் ஒன்று சுமார் 3 கிலோ எடை இருக்கும். பத்துக் கல்லைச் சும்மாட்டின் மேல் அடுக்கினால் 30 கிலோ. புடைவைக்கு மேலே ஓர் ஆண்பிள்ளைச் சட்டையைப் போட்டுக் கொண்டு, அந்தச் சுமையோடு கைப்பிடி இல்லாத படிகளில் நாள் முழுதும் ஏறி இறங்குகிறாள். மேலே கொத்தனார் கையில் இருக்கும் கரண்டியோ ஒரு கிலோகூடத் தேறாது.

இப்போது, 'பெண்ணுக்கு உடல் வலு போதாது. அதனால் கொத்து வேலைக்கு ஆகமாட்டாள்' என்று சொல்கிறவரை என்ன செய்வது? பாரத்தை அவள் தலையில் வைத்துவிட்டு, பாரம் இல்லாத வேலைக்கு அவளுக்குப் பலம் இல்லை என்கிறோம். சாரத்தில் ஏறுவது ஆபத்து என்கிறோம். அதே சாரத்துக்குச் சுமையோடு ஏறி வரச் சொல்கிறோம். வாதம் என்று ஒன்று இருந்தால் அது இரண்டு காலாலும் நிற்க வேண்டும். இது நிற்கவில்லை.

கைப்பக்குவம் போதாது என்பார்கள். நம் கிராமங்களில் மண் சுவரை மெழுகியவர்கள் யார்? திண்ணையைச் சாணமிட்டு வழவழப்பாக்கியவர்கள் யார்? விடியலில் வாசலில் குனிந்து, நூலும் இல்லாமல் மட்டப் பலகையும் இல்லாமல் கோலமாவால் நேர்கோடு இழுக்கிறவர்கள் யார்? கூலி இல்லாத வரையில் இந்தக் கைப்பக்குவத்தை யாரும் சந்தேகிக்கவில்லை. கூலி என்ற ஒன்று வந்ததும் அது ஆண்பிள்ளை வேலையாக மாறிவிடுகிறது. ஏன், அந்த அடுக்களைக் கரண்டியையே எடுத்துக் கொள்ளுங்கள். வீட்டில் அது பெண்ணின் கையில் இருக்கிறது. கல்யாண வீட்டில், ஐந்நூறு இலைக்குப் பணம் பேசிச் சமைக்கும் இடத்தில், பெரும்பாலும் தலைமைச் சமையற்காரரின் கைக்குப் போய்விடுகிறது.

கொத்தனார் எப்படி உருவாகிறார் என்பதை எங்கள் தெருவில் ஒரு வீடு எழும்பியபோது பல நாள் கவனித்தேன். பள்ளிக்கூடம் கிடையாது, பரீட்சை கிடையாது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கொத்தனார் வெற்றிலை போட உட்காருவார். கையாளாக வந்த பையன் கரண்டியை எடுத்துப் பின்பக்கத்துச் சுவரில் இரண்டு வீச்சுக் கலவை அடிப்பான். பாதி கீழே விழும். "அடேய், மணிக்கட்டைத் திருப்புடா" என்பார் கொத்தனார். மறுநாள் கொஞ்சம் குறைவாக விழும். அடுத்த மாதம் தூக்குக்குண்டைப் பிடிக்கக் கற்றுக் கொள்வான். இரண்டு மூன்று வருஷத்தில் அவனும் ஒரு கொத்தனார். அந்த நேரத்தில் சித்தாள்கள் என்ன செய்தார்கள்? மத்தியான வேலைக்கு மணல் சலித்துக் கொண்டிருந்தார்கள்.

அவர்களில் ஓர் அம்மாள் இருபது வருஷத்துக்கு மேல் அந்த மேஸ்திரியோடு வேலை செய்தவள். "அவருக்கு ஏன் கரண்டி பிடிக்கச் சொல்லித் தரவில்லை, மேஸ்திரி?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"அதுக்கு நான் என்ன சார் சொல்லித் தரணும்? கலவையைக் கையில தொட்டா சிமெண்டு கம்மின்னு சொல்லிடும். சுவர் கோணினா கீழே நின்னே சொல்லிடும். ஆனா, பொம்பளை பூசின சுவருன்னு தெரிஞ்சா வீட்டுக்காரர் சும்மா விடுவாரா?" என்றார்.

அந்த அம்மாளையும் கேட்டேன். தலைச் சுமையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்: "பழகறப்ப நாலு தடவை கெட்டுப் போகும் சார். பையன் கெடுத்தா 'சின்னப் பையன், கத்துக்கறான்'னு விட்டுடுவாங்க. நான் கெடுத்தா விடுவாங்களா?"

இருபது வருஷத்து அநீதியை அவள் மூன்று வாக்கியத்தில் சொல்லிவிட்டாள். எந்தத் தொழிலையும் கெடுத்துத்தான் பழக வேண்டும். தச்சன் மரத்தைக் கெடுக்கிறான், எழுதுகிறவன் காகிதத்தைக் கெடுக்கிறான். கெடுத்துப் பழகும் உரிமை யாருக்கு உண்டோ அவர்களே நிபுணர்கள் ஆகிறார்கள். அந்த உரிமை மறுக்கப்பட்டவர்களைப் பார்த்து, 'இவர்களுக்குத் திறமை இல்லை' என்று பிறகு சொல்லிக் கொள்கிறோம்.

நம்மைப் போன்றவர்கள் உத்தியோகத்தில் சேரும்போது எதை முதலில் விசாரிக்கிறோம்? சம்பளத்தை அடுத்துப் பதவி உயர்வைத்தான். இளநிலை எழுத்தராக நுழைகிறவர் கண்காணிப்பாளராக ஓய்வு பெறலாம் என்று நம்புகிறார். கிடைக்காவிட்டால் மனுப் போடுகிறார், வழக்குப் போடுகிறார், சாப்பிடாமல் படுத்துக் கொள்கிறார். பதினெட்டு வயதில் சித்தாளாக வந்தவள் ஐம்பத்தைந்து வயதிலும் சித்தாளாகவே வீட்டுக்குப் போகிறாள். அவளுக்கு உயர்வு என்ற ஒன்று உண்டு என்பதே நம் நினைவில் எழுவதில்லை.

அவளிடம் நமக்கு இரக்கம் இல்லை என்று சொல்லவில்லை. இரக்கம் நிறையவே இருக்கிறது. நம் கதைகளில் சித்தாள் வருகிறாள்: மேஸ்திரியின் ஆசைக்குப் பலியாகிறாள், சாரத்திலிருந்து விழுகிறாள், மரத்தில் தூளி கட்டிய குழந்தைக்குப் பால் கொடுக்க ஓடி வருகிறாள். வாசகர்கள் கண்ணைத் துடைத்துக் கொள்கிறார்கள். ஆனால் சுவரின் கோணலைக் கீழே நின்றபடியே கண்டுபிடிக்கும் சித்தாள் நம் கதைகளில் எத்தனை பேர்? அரசாங்கமும் இரங்கியிருக்கிறது. தமிழ்நாட்டில் 1994-ல் கட்டடத் தொழிலாளருக்கு நல வாரியம் ஏற்பட்டது. விபத்துக்கு உதவி, பிள்ளைகள் படிப்புக்கு உதவி, கல்யாணத்துக்கு உதவி, முதுமையில் ஓய்வூதியம். இவை யாவும் வேண்டியவை. சங்கங்கள் போராடிப் பெற்றவை. ஆனால் இவை சுமக்கிறவளின் துன்பத்தைக் குறைக்கின்றன. சுமப்பதிலிருந்து அவளை மேலே ஏற்றுவது வேறு காரியம்.

சட்டம் இல்லையா என்று கேட்கலாம். நாடாளுமன்றம் 1976-ல் சம ஊதியச் சட்டத்தை இயற்றியது. 2019-ல் இயற்றப்பட்ட ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அதே கொள்கை இடம்பெற்றது. ஒரே வேலைக்கு, அல்லது ஒத்த தன்மையுள்ள வேலைக்கு, ஆண் பெண் பேதமில்லாமல் ஒரே கூலி. எவ்வளவு நல்ல சட்டம்! ஆனால் ஒரே வேலையைக் கொடுத்தால்தானே ஒரே கூலி என்ற கேள்வி எழும்? கொத்தனார் கூலி கொத்தனாருக்கு, சித்தாள் கூலி சித்தாளுக்கு என்று சொல்லிவிட்டால் சட்டம் வாசலிலேயே நின்றுவிடுகிறது. கரண்டியைக் கொடுக்காமல் இருப்பதைச் சட்டத்தால் மட்டும் தடுத்துவிட முடியாது. அதனால்தான் இதைச் சட்டப் பிரச்னை என்பதைவிட தர்மப் பிரச்னை என்று நினைக்கிறேன்.

இதே கட்டடத் தொழிலில் மேல்படியில் பெண்கள் ஏறியிருக்கிறார்கள். கிண்டிப் பொறியியல் கல்லூரியில் 1940-களில் மூன்று பெண்கள் படித்துத் தேறினார்கள். பட்டச் சான்றிதழில் 'அவன்' என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்ததை அடித்துவிட்டு 'அவள்' என்று பேனாவால் எழுத வேண்டியிருந்ததாம். அவர்களில் ஒருவரான பி. கே. த்ரேசியா 1971-ல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். ஒரு பெண் பாலத்தின் வரைபடத்தில் கையெழுத்திடலாம் என்பதை நாடு ஒப்புக் கொண்டு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. அந்தப் பாலத்தின் கைப்பிடிச் சுவரை ஒரு பெண் பூசலாம் என்பதை ஒப்புக் கொள்ளத்தான் இவ்வளவு தயக்கம். ஏழையின் உயர்வுக்குப் பணக்காரரின் உயர்வைவிட நீளமான ஏணி வேண்டியிருக்கிறது.

பெண்ணால் முடியாது என்ற பேச்சு எப்போது அடங்குகிறது தெரியுமா? ஆண்கள் கிடைக்காதபோது. இரண்டாவது உலக யுத்தத்தில் ஆண்கள் போர்முனைக்குப் போய்விட்டார்கள். லண்டனில் தேம்ஸ் நதியின் மேல் வாட்டர்லூ பாலத்தைக் கட்டி முடிப்பதில் ஏராளமான பெண்கள் உழைத்தார்கள். 1945 டிசம்பரில் திறப்பு விழா நடந்தது. விழாவில் பேசிய மந்திரி ஹெர்பர்ட் மாரிசன், பாலத்தைக் கட்டிய ஆண்களைப் பாராட்டினார். பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 'பெண்கள் பாலம்' என்ற பெயரை நதியில் படகு ஓட்டுகிறவர்கள்தான் பல காலம் வாய்வழியாகக் காப்பாற்றி வந்தார்கள்.

நம் நாட்டிலும் ஓர் உதாரணம் உண்டு. 2014-ல் தொடங்கிய தூய்மை இந்தியா இயக்கத்தில் ஊர்தோறும் கழிப்பறை கட்ட வேண்டியிருந்தது. ஜார்க்கண்ட் மாநிலத்தின் கிராமங்களில் அதற்குப் போதுமான கொத்தனார்கள் இல்லை. சுய உதவிக் குழுப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் அடித்தளம் போட்டார்கள், செங்கல் அடுக்கினார்கள், பூசினார்கள். இந்தியில் கொத்தனாரை 'ராஜ் மிஸ்திரி' என்பார்கள். இந்தப் பெண்களுக்கு 'ராணி மிஸ்திரி' என்று பெயர் வந்தது. கரண்டி கைக்கு வந்ததும் பெயரும் வந்துவிட்டது! தமிழில் நமக்கு அந்தச் சிரமமும் இல்லை. 'கொத்தனார்' என்பதில் உள்ள 'ஆர்' மரியாதைக்குரிய விகுதி. ஆணுக்கும் பொருந்தும், பெண்ணுக்கும் பொருந்தும். இலக்கணம் எப்போதோ இடம் விட்டு வைத்திருக்கிறது. நாம்தான் இன்னும் அழைக்கவில்லை.

ஆனால், தேவை திறக்கிற கதவு தேவை தீர்ந்ததும் சாத்திக் கொள்ளும். யுத்தம் முடிந்ததும் லண்டனில் அதுதான் நடந்தது. நியாயத்தை உணர்ந்து திறந்தால்தான் கதவு திறந்தபடி இருக்கும்.

குழந்தையை என்ன செய்வது என்று கேட்பது நேர்மையான கேள்வி. 1969-ல் டில்லியில், கட்டட வேலை நடந்த இடத்தில் புழுதியில் கிடந்த குழந்தைகளைக் கண்ட மீரா மகாதேவன் ஒரு கூடாரத்தில் குழந்தைக் காப்பகம் தொடங்கினார். அதிலிருந்து 'மொபைல் கிரெஷ்' என்ற இயக்கம் வளர்ந்தது. 1996-ல் வந்த கட்டடத் தொழிலாளர் சட்டம், ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அறை ஒதுக்க வேண்டும் என்றது. வழி இருக்கிறது, மனம் வேண்டும். அதோடு ஒன்று: குழந்தை இடைஞ்சல் என்ற எண்ணம் கல் சுமக்கக் கூப்பிடும்போது நமக்கு வருவதில்லை.

இதில் தாமதத்துக்கும் இடமில்லை. பெரிய கட்டடங்களில் கலவை இப்போது லாரியில் வருகிறது, குழாய் வழியாக மாடிக்கு ஏறுகிறது. செங்கல்லைத் தூக்க இயந்திரம் நிற்கிறது. தலைச்சுமை ஒழிந்தது என்று மகிழலாம். ஆனால் சுமையைத் தவிர வேறொன்றும் கற்றுத் தராத பெண்ணுக்குச் சுமை போனால் பிழைப்பும் போயிற்று. கையில் கரண்டி உள்ளவருக்கு இயந்திரம் துணை. தலையில் சும்மாடு மட்டும் உள்ளவளுக்கு அது போட்டி.

ஆகவே யார் என்ன செய்ய வேண்டும்? மேஸ்திரி சொன்ன பதிலை மறுபடி யோசித்துப் பாருங்கள். அவர் தம் மனசைக் குறை சொல்லவில்லை. வீட்டுக்காரரின் மனசைச் சொன்னார். அந்த வீட்டுக்காரர் வேறு யாருமல்ல. கடன் வாங்கி, நகையை அடகு வைத்து, ஆசை ஆசையாக மனை முகூர்த்தம் செய்கிற நீங்களும் நானும்தான். நம்முடைய சுவரில் ஒரு பெண் பழகக் கூடாது என்று நாம் சொல்வோம் என்று எண்ணித்தான் கரண்டி அவள் கைக்குப் போகாமல் நிற்கிறது.

வீட்டு முகப்பை அவளிடம் கொடுங்கள் என்று யாரும் கேட்கவில்லை. பின்கட்டில் ஒரு சுவர், மாடியில் ஒரு கைப்பிடிச் சுவர் போதும். மேஸ்திரியிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாம்: 'அந்த அம்மாள் பூசட்டும், கெட்டால் கலவையின் செலவு என்னுடையது, பூசிய நாளுக்குக் கொத்தனார் கூலி கொடுங்கள்.' இரண்டு மூட்டை சிமெண்டுக்கு மேல் போகாத செலவு. கிருகப்பிரவேசத்தில் நாம் செய்யும் தான தருமங்களில் இதைவிடப் பலன் தருவது எது என்று எனக்குத் தோன்றவில்லை. புடைவை ஒரு வருஷத்தில் கிழிந்துவிடும். கற்றுக் கொண்ட தொழில் அவள் கையை விட்டுப் போகாது.