இல்லாதவர் கணக்கு

போக்கர் போட்டியில் ஒருவர் பாதியில் எழுந்து போய்விட்டால் அவருடைய சிப்ஸை என்ன செய்வார்கள், தெரியுமா? (பணம் வைத்து இணையத்தில் ஆடுவதை 2025-ல் நாடாளுமன்றமே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. நான் பேச வந்தது சூதைப் பற்றி அல்ல, கணக்கைப் பற்றி.)

சிப்ஸ் மேஜையிலேயே இருக்கும். அவர் முறை வரும்போது கட்டாயப் பந்தயத்தை மட்டும் அதிலிருந்து எடுப்பார்கள். அவருக்கு விழுந்த சீட்டு செல்லாது. வராததற்கு நஷ்டம் உண்டு. ஆனால், விதி சொன்ன அளவுக்குத்தான். மிச்சத்தில் யாரும் கை வைக்க முடியாது.

சரி, ஜெயித்த சிப்ஸை எண்ணித் தருவதில் தப்பு வந்தால்? அடுத்த ஆட்டம் சூடு பிடிப்பதற்குள் கேட்டுவிட வேண்டும். அப்புறம் கேட்டால் எடுபடாது. கறார்தான். ஆனால் வேறு வழியில்லை. 2006-ல் லாஸ் வேகஸ் உலகப் போட்டியில் 8,773 பேர், தலைக்கு 10,000 சிப்ஸ். மொத்தம் 8,77,30,000 இருக்க வேண்டும். கடைசியில் இருபது லட்சத்துக்கும் மேல் கூடுதலாக இருந்தது! பி.காம். படித்தவர்களானால் வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டில் போட்டுவிட்டு நிதானமாகத் தேடுவோம். ஆட்ட மேஜையில் அந்த வசதி கிடையாது. போட்டி நிற்காமல் நடந்தது, ஜேமி கோல்ட் சாம்பியன் ஆனார்.

இப்போது நம்மூருக்கு வருவோம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் முடிந்து மின்சார ரயிலில் நாலு பேர் ரம்மி ஆடுகிறீர்கள். காசு கிடையாது. 101 பாயின்ட் தொட்டால் அவுட். ஒருவர் பொன்னேரியில் இறங்கிவிட்டார், மீதி ஆட்டம் நாளைக்கு. துண்டுத்தாளைப் பார்க்கிறீர்கள். அவருடைய 29-ஐயும் 38-ஐயும் கூட்டி 77 என்று எழுதியிருக்கிறது. 67 அல்லவா வரவேண்டும்? அவர் அவுட் ஆனால் உங்களுக்கு லாபம். சொல்வீர்களா?

'இறங்குவதற்கு முன் அவர்தானே சரிபார்த்திருக்க வேண்டும்' என்று ஒரு நியாயம் தோன்றும். அவர் நாளைக்கு வந்து சண்டை போட்டால், மறுப்பதற்கு அது போதும். உங்கள் கண்ணில் பட்டதை மறைப்பதற்குப் போதாது. கெடு என்பது கேட்கிறவருக்கு. தெரிந்துகொண்டவருக்குக் கெடு இல்லை. அவருக்கோ தப்பு நடந்ததே தெரியாது, எப்படிக் கேட்பார்?

பத்து பாயின்ட் சின்ன விஷயம்தான். ஆனால் ஏலச்சீட்டு அன்று நைட் ஷிஃப்டில் மாட்டிக்கொண்டவரின் பங்கும், லீவில் போனவரின் ஓவர்டைம் கணக்கும் இதே மாதிரிதான் யாரோ ஒருவர் கண்ணில் படுகின்றன. எதிரில் இருப்பவரை ஏமாற்ற நமக்குக் கூச்சம் இருக்கிறது. இல்லாதவர் விஷயத்தில் அந்தக் கூச்சமும் எழுந்து போய்விடுகிறது. அப்போது அவர் சார்பில் பேச அங்கே இருப்பது நீங்கள் ஒருவர்தான்.