பிதிரார்ஜிதத் துப்பாக்கி

1945-ஆம் ஆண்டில் ஜெர்மனியிலிருந்து தாயகம் திரும்பிய அமெரிக்கப் போர்வீரர் பலர், தம் உடைமைகளோடு அந்நாட்டு வேட்டைத் துப்பாக்கிகளையும் கப்பலேற்றிச் சென்றனர். அவர்கள் காலமாகி, அவர்தம் பிள்ளைகளும் முதுமை எய்திவிட்ட இந்நாளில், அத்துப்பாக்கிகள் அலமாரிகளை விட்டு வெளிவந்து, விலை அறியும் பொருட்டு மதிப்பீட்டாளரின் மேஜையை அடைகின்றன. ‘இது என்ன விலை பெறும்?’ என்று கேட்கிற வாரிசு, ‘இது எவ்வாறு நம் வீட்டுக்கு வந்தது?’ என்றும் கேட்கக் கடமைப்பட்டவன்தானா, கேட்டறிந்ததைத் தன் மகனுக்கும் உரைத்தே தீர வேண்டுமா என்பதே இங்கு ஆராயத்தக்க விஷயம்.

பொருளின் அழகு இந்தக் கேள்வியை எளிதில் மறக்கச் செய்துவிடும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். துரிங்கிய வனப்பிரதேசத்திலுள்ள ஸூல் நகரத்துக் கம்மியர் பல தலைமுறைகளாகப் பழகிய கைத்திறனால் செய்த ‘டிரில்லிங்’ என்னும் முக்குழல் துப்பாக்கியில், ரவை சுடும் குழல்கள் இரண்டு அருகருகே கிடக்க, அவற்றின் அடியில் முறுக்குச் சால் வெட்டிய ரைபிள் குழல் ஒன்று ஒளிந்திருக்கும். கட்டையின் கழுத்திலுள்ள சிறு தகட்டைப் பெருவிரலால் முன்தள்ளினால், அதுவரை படுத்துக் கிடந்த குறிக்காட்டி குழலின் மேல் நிமிர்ந்தெழ, முன்விசையின் அதிகாரம் வலக்குழலிலிருந்து ரைபிள் குழலுக்கு மாறிவிடும். பக்கத்தகடுகளில் ஓக் இலைகளுக்கிடையே மான் பாய்ந்து செல்லும். குழல்களைக் கழற்றித் திருப்பிய மதிப்பீட்டாளர், அடிப்புறத்தில் மகுடத்தின் கீழ்ப் பொறித்த எழுத்துகளைப் பூதக்கண்ணாடியால் வாசிக்கிறார். 1891-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அரசாங்கச் சோதனைச்சாலை இட்ட முத்திரைகள் அவை, அவற்றினருகே 118.35 என்றொரு எண் இருந்தால், ரைபிள் குழலின் துளைக்குச் சரியான ஈயக் குண்டுகள் ஓர் ஆங்கில ராத்தலுக்கு எத்தனை நிற்கும் என்பதன் கணக்கு அது.

அவர் கூறும் முதற்செய்தி விலையைப் பற்றியதன்று. பழைய ஜெர்மானிய 16 போர் குழலின் தோட்டா அறை பெரும்பாலும் 65 மில்லிமீட்டர் நீளமே உடையது. இக்காலத்து அமெரிக்கத் தோட்டாவோ 70 மில்லிமீட்டர் அறைக்கென்று செய்யப்படுவது. இது அவ்வறையினுள் நுழைந்துவிடும், வெடிக்கவும் செய்யும். ஆயின் விரிய இடமில்லாமல் அழுத்தம் மிகுந்து, துப்பாக்கிக்கும் பிடித்திருப்பவனுக்கும் கேடு விளையக்கூடும். இச்செய்தியைத் தன் மகனிடம் சொல்லாமல் துப்பாக்கியைக் கொடுக்கும் தந்தையை எந்த நாட்டு நீதியும் மன்னிக்காது. ‘நான் செய்த துப்பாக்கியா அது? அறையின் நீளத்துக்கு நானா பொறுப்பு?’ என்று அவன் வாதாடினால் நகைக்கவே செய்வோம். அறிந்ததைச் சொல்லும் கடமைக்கு, குற்றம் தன்னுடையதாக இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனை இல்லை.

இவ்வளவும் எல்லோரும் ஏற்பதே. துப்பாக்கியின் வரலாற்றைப் பற்றிப் பேச்செழும்போது மட்டும் அதே மனிதர் சட்டென்று வேறு நியாயம் பேசத் தொடங்குகிறார்கள். போர் முடிந்த வசந்தத்தில், ஜெர்மானியக் குடிமக்கள் தம்மிடமிருந்த ஆயுதங்கள் அனைத்தையும் ஒப்படைக்க வேண்டுமென்று ஆக்கிரமிப்புப் படைகள் ஆணையிட்டன. அவ்வாறு குவிந்தவற்றிலிருந்து வீரர்கள் விருப்பப்படி எடுத்துக்கொண்டதுண்டு. 1907-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கை, ஆயுதக் கிடங்குகளையும் போர்த்தளவாடங்களையும் தனியாருடையவையாயினும் படை கைப்பற்றலாம் என்று இடந்தருகிறது. சமாதானம் வந்ததும் அவற்றைத் திருப்பியளித்து நஷ்டஈட்டையும் தீர்மானிக்க வேண்டுமென்றும் அதே விதி பணிக்கிறது. படைக்கு அளித்த உரிமை ஒரு வீரனின் தனிச்சொத்தாக மாறும் மார்க்கம் எதுவும் அதில் இல்லை.

விவகாரம் அவ்வளவோடு நிற்பதுமில்லை. 1938 நவம்பர் 11 அன்று ஹிட்லரின் அரசாங்கம் யூதர்கள் ஆயுதம் வைத்திருப்பதைத் தடைசெய்து, அவர்களிடமிருந்தவற்றை ஈடின்றிப் பறித்தது. ஆகவே 1945-இல் துப்பாக்கியை இழந்த ஜெர்மானியனே, ஏழாண்டுகளுக்கு முன் அதை அண்டை வீட்டானின் இழப்பினால் பெற்றவனாகவும் இருந்திருக்கலாம். ஸூல் நகரத்துப் பெரிய ஆலைகளுள் ஒன்றான சிம்சன் நிறுவனம் 1930-களின் நடுவில் அதன் யூத உரிமையாளரிடமிருந்து பறிக்கப்பட, அக்குடும்பம் நாட்டைவிட்டே வெளியேற நேர்ந்தது. அப்பெயர் தாங்கிய துப்பாக்கியில் செய்வித்தவனுக்கு இழைக்கப்பட்ட அநீதியும் சேர்ந்தே இருக்கிறது. மறுபுறம், சிகரெட்டுக்கோ பணத்துக்கோ நேர்மையாகக் கைமாறிய துப்பாக்கிகளும் உண்டு. எது எவ்வகையென்று தேடாமலே எல்லாப் பாட்டன்மாரையும் கொள்ளைக்காரராக்குவது, எல்லோரையும் உத்தமராக்குவதைப் போன்றே சோம்பேறித்தனமாகும்.

தேடுவதற்கு வழியில்லை என்பதும் பெரும்பாலும் சாக்கு. இப்பொருளைக் கொண்டுசெல்ல அனுமதி உண்டென்று மேலதிகாரி ஒப்பமிட்டுத் தந்த சான்றிதழ் சில குடும்பங்களில் இன்னமும் இருக்கிறது. அச்சீட்டு உடனிருந்தால் சேகரிப்போர் கூடுதல் விலை கொடுக்கிறார்கள் என்பது விசித்திரம்: எடுத்துவந்ததற்குச் சாட்சியாய் நிற்பதே எடுத்துவந்த பொருளின் மதிப்பை உயர்த்துகிறது! கட்டையின் அடிப்புறத்திலோ, முதல் உரிமையாளனின் பெயரெழுத்துகள் பொறித்த சிறு வெள்ளித்தகடு பதிந்திருப்பதுண்டு. அதைத் தேய்த்து மழுங்கச் செய்து தன் குடும்பத்தின் எழுத்துகளைப் பொறிக்கும் வாரிசு, பாட்டனார் செய்யாத ஒன்றைப் புதிதாகச் செய்கிறான். இதற்குப் போர்க்காலத்தின் குழப்பத்தைக்கூட அவன் காரணங்காட்ட முடியாது.

செய்யத்தக்கது மிகச் சாதாரணமானதுதான். தோட்டா அறை 65 மில்லிமீட்டர் என்று எழுதும் அதே தாளில், இன்ன ஆண்டில், இன்ன ஊரிலிருந்து, இன்ன விதமாக வந்தது என்பதையும், தகட்டிலுள்ள எழுத்துகளையும், குடும்பத்தில் வழங்கிய கதையையும் எழுதி, அறியாதவற்றை அறியவில்லை என்றே குறித்து, துப்பாக்கியோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். உரிமையாளனின் வழியினர் இன்னாரென்று புலப்பட்டால், திருப்பியளிக்க இருநாட்டு அரசாங்கங்களின் அனுமதி பெறும் தொல்லைக்கு முன்பாகவே ஒரு கடிதமேனும் எழுதிவிடலாம். அத்தாளைப் படித்த மகன், ‘எனக்கு இது வேண்டாம், அப்பா’ என்று சொல்லிவிடக்கூடும்; பல தந்தையர் மௌனம் சாதிப்பதற்கு இந்த அச்சமே காரணம். அவ்விதம் அவன் சொன்னால், விற்பதா, வைத்திருப்பதா, வேறெங்கேனும் சேர்ப்பதா என்பதை இருவரும் கூடியிருந்து ஆலோசிக்கட்டும். ஸூல் நகரில் ஆயுத அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது.