திவ்விய நற்கருணை யாருக்கு மறுக்கப்படும்?



சென்ற ஞாயிற்றுக்கிழமை ஞானோபதேச வகுப்பு முடிந்ததும் பையன் ஒருவன் என் பின்னாலேயே வந்து, "சாமி, ஒரு சந்தேகம்" என்றான். முந்தின நாள் இராத்திரிச் சாப்பாட்டின்போது அவன் வீட்டில் ஒரு வாதம் எழுந்ததாம். 2022-ம் ஆண்டு அமெரிக்காவில் ஓர் அதிமேற்றிராணியார், அரசாங்கத்தில் பெரிய பதவியிலிருந்த ஓர் அம்மாளுக்கு நன்மை கொடுக்கலாகாது என்று அறிவித்தாரே, அது சரியா தப்பா என்று அவன் தகப்பனாரும் பெரியப்பாவும் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்களாம். பையன் என்னிடம் கேட்டான்: "சேசுநாதர் பாவிகளோடு பந்தியிருந்தார் என்று நீங்கள்தானே சொல்லிக்கொடுத்தீர்கள்? அப்படியிருக்க, நன்மை வாங்க வருகிறவரை இல்லையென்று திருப்பியனுப்பலாமா, சாமி?"

நல்ல கேள்வி. பெரியவர்களில் பலரும் இதையே மனதில் வைத்துக்கொண்டு கேட்க வெட்கப்படுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆகையால் அவனுக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலாவது, திருச்சபைச் சட்டம் எங்கிருந்து தொடங்குகிறது என்று பாருங்கள். இரண்டாம் அருள் சின்னப்பர் பாப்பாண்டவர் 1983-ம் ஆண்டு வெளியிட்ட சட்டத் தொகுப்பின் 912-ம் எண், ஞானஸ்நானம் பெற்றவன் எவனையும், சட்டம் தடுத்தாலொழிய, நன்மை வாங்க அனுமதிக்கலாம், அனுமதிக்கவும் வேண்டும் என்று சொல்லுகிறது. உரிமைதான் பொது விதி, மறுப்பது விலக்கு. தக்க சமயத்தில், தக்க ஆயத்தத்தோடு கேட்கிற விசுவாசிக்குத் தேவதிரவிய அனுமானங்களைக் குரு மறுக்க முடியாது என்று 843-ம் எண்ணும் கூறுகிறது. சட்டம் தந்த உரிமையை ஒடுக்கும் எந்த விதியையும் இழுத்து நீட்டாமல், அதன் சொல்லளவிலேயே குறுக்கிப் பொருள்கொள்ள வேண்டுமென்பது 18-ம் எண். ஆகவே, ஒருவன் ஏழை என்றோ, கோவில் வரி பாக்கி என்றோ, பங்குச் சுவாமியோடு மனஸ்தாபம் என்றோ நன்மையை மறுக்க எந்தக் குருவுக்கும் அதிகாரமில்லை.

இரண்டாவது, நன்மை வாங்குகிறவனுக்கு உள்ள கடமை. அர்ச். சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 11-ம் அதிகாரத்தைத் திறந்து வாசியுங்கள். தகுதியில்லாமல் இந்த அப்பத்தை உண்பவன் ஆண்டவருடைய சரீரத்துக்கே குற்றவாளியாகிறான் என்று அவர் எச்சரிக்கிறார். அதற்கு அவர் சொல்லும் பரிகாரமென்ன? அடுத்தவனைச் சோதி என்று சொல்லவில்லை. அவனவன் தன்னைத்தானே சோதிக்கட்டும் என்கிறார். இதையே 916-ம் எண் சட்டமாக்கியிருக்கிறது. சாவான பாவம் தன்மேல் இருப்பதை அறிந்தவன், முதலில் பாவசங்கீர்த்தனம் செய்யாமல் நன்மை வாங்கலாகாது. கனமான காரணமிருந்து, பாவசங்கீர்த்தனத்துக்கு வழியில்லாவிட்டால், உத்தம மனஸ்தாபப்பட்டு, கூடிய சீக்கிரம் பாவசங்கீர்த்தனம் செய்வதாகத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். ஆகவே நன்மைப் பந்திக்கு முதற்காவல் அவனவன் மனச்சாட்சியே. குருவானவர் இரண்டாம் காவல்தான்.

அந்த இரண்டாம் காவலைப் பற்றியதுதான் பத்திரிகைகளில் அடிபடும் 915-ம் எண். அது இரண்டு வகையாரைக் குறிப்பிடுகிறது. முதல் வகை, திருச்சபையினின்று புறம்பாக்கப்பட்டு அல்லது விலக்கப்பட்டு, அந்தத் தண்டனை விதிக்கப்பட்டதாகவோ அறிவிக்கப்பட்டதாகவோ இருப்பவர்கள். இரண்டாம் வகை, வெளியரங்கமான கனமான பாவத்தில் பிடிவாதமாய் நிலைத்திருப்பவர்கள். இவர்களை நன்மைக்கு அனுமதிக்கலாகாது.

ஒவ்வொரு வார்த்தையையும் நிறுத்துப் பாருங்கள். பாவம் கனமானதாயிருக்க வேண்டும். ஊரறிய வெளிப்பட்டதாயிருக்க வேண்டும். அவன் அதில் பிடிவாதமாய் நிலைத்திருக்க வேண்டும். இந்த மூன்றையும் 2000-ம் ஆண்டு ஜூன் 24-ந் தேதி உரோமைச் சபையின் சட்ட விளக்க ஆலோசனைக் குழு தெளிவாக விளக்கிற்று. அன்றியும், பந்தியில் வைத்து மறுக்கும் நிலை வராதபடி, குருக்கள் முன்னதாகவே அந்த ஆளைத் தனியே கண்டு, சட்டத்தின் பொருளைச் சொல்லிப் புரியவைக்கப் பிரயாசைப்பட வேண்டுமென்றும் அது கூறிற்று. அந்த ஆத்துமத்தின் உள்ளே எவ்வளவு குற்றமுண்டு என்று குரு தீர்ப்பிடுவதில்லை. அதை அறிந்தவர் சர்வேசுரன் ஒருவரே. வெளியே தெரியும் நடத்தை, நற்கருணைக்கு முன் நிற்க ஒவ்வாதது என்று மட்டுமே அவர் சொல்லுகிறார்.

மறைவான பாவிகளின் காரியமென்ன? அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் 13-ம் நூற்றாண்டிலேயே இதை ஆராய்ந்திருக்கிறார். வெளியரங்கமான பாவிக்கு மறுக்க வேண்டும். பாவம் மறைவாயிருக்கிறவன் எல்லோர் முன்பாகவும் வந்து கேட்டால் மறுக்கலாகாது, தனியே புத்தி சொல்லலாம் என்பது அவர் போதனை. கடைசி இராப்போஜனத்தில் யூதாசுக்கும் நமதாண்டவர் தம் சரீரத்தைக் கொடுத்தார் என்றே அவர் படிப்பிக்கிறார். காட்டிக்கொடுக்கப் போகிறவன் யாரென்று அறிந்திருந்தும், மற்ற அப்போஸ்தலர் முன் அவனை ஆண்டவர் அவமானப்படுத்தவில்லை. ஒரு மனிதனின் பேரைக் காப்பாற்றுவதில் ஆண்டவருக்கு அவ்வளவு கரிசனை.

சரி, பெரிய மனிதர்களுக்கு நன்மை மறுக்கப்பட்டதுண்டா? உண்டு. கி.பி. 390-ம் ஆண்டு தெசலோனிக்கே நகரத்தில் ஜனங்கள் கலகம் செய்து படைத்தலைவர் ஒருவரைக் கொன்றுபோட்டார்கள். தெயோதோசியுஸ் சக்கரவர்த்தி கோபங்கொண்டு பழிவாங்கக் கட்டளையிட்டார். குற்றவாளி, நிரபராதி என்ற வித்தியாசமில்லாமல் திரளான ஜனங்கள் வெட்டுண்டார்கள். இறந்தவர் 7,000 பேர் என்று தெயோதொரேத் என்னும் பழைய சரித்திரக்காரர் எழுதுகிறார். அக்காலத்தில் மிலான் நகர மேற்றிராணியாராயிருந்தவர் அர்ச். அம்புரோசியார்.

அவர் என்ன செய்தார்? சக்கரவர்த்தியைக் கோவில் வாசலில் நின்று தடுத்ததாகச் சித்திரங்களில் பார்த்திருப்பீர்கள். அந்த வாசற்காட்சி பின்னால் வந்தவர்கள் எழுதிவைத்தது. அம்புரோசியாரே விட்டுச்சென்றிருக்கும் சாட்சி ஒரு கடிதம். வேறொருவரும் வாசிக்காதபடி, தம் கையாலேயே எழுதி அனுப்பியது. அதில், தாவீதரசன் பாவம் செய்தும் தாழ்ந்து பணிந்ததை நினைவூட்டி, மனஸ்தாபப்படும்படி மன்றாடுகிறார். சக்கரவர்த்தி வந்து நிற்பாரானால் பலிபூசை நிறைவேற்றத் தமக்குத் துணிவில்லையென்றும் சொல்லுகிறார். உலகத்தை ஆண்டவர் அரச சின்னங்களைக் களைந்து, கோவிலில் எல்லோர் முன்பாகவும் அழுது தபசு செய்தார். அந்த ஆண்டு சேசு பிறந்த திருநாளில் மறுபடியும் நற்கருணைக்கு அனுமதிக்கப்பட்டார். 395-ல் தெயோதோசியுஸ் இறந்தபோது அடக்கப் பிரசங்கம் செய்தவரும் அம்புரோசியார்தான். தம்மைப் புகழ்கிறவனைவிடக் கண்டிக்கிறவனை மதித்த அந்த மனிதரைத் தாம் நேசித்ததாக அவர் அன்று சொன்னார். மறுத்த கையும் அணைத்த கையும் ஒன்றே.

நம் காலத்துக்குக் கிட்டின ஒரு திருஷ்டாந்தம். அமெரிக்காவில் நியூ ஓர்லியன்ஸ் நகரக் கத்தோலிக்கப் பள்ளிக்கூடங்களில் வெள்ளையர் பிள்ளைகளும் கறுப்பின மக்களின் பிள்ளைகளும் பிரித்து வைக்கப்பட்டிருந்தார்கள். அவ்விடத்து அதிமேற்றிராணியார் ஜோசப் ரம்மல் ஆண்டவர் 1956-ல் எழுதிய சுற்றுநிருபத்தில், இப்படி நிறத்தால் பிரிப்பது பாவமென்று போதித்தார். 1962 மார்ச்சில், எல்லாக் கத்தோலிக்கப் பள்ளிகளும் எல்லாப் பிள்ளைகளுக்கும் திறக்கப்படும் என்று அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 85. கண்பார்வையும் ஏறக்குறைய போய்விட்டது. அரசியலில் செல்வாக்குள்ள லியாண்டர் பெரெஸ் என்பவரும் வேறு சிலரும் இதை எதிர்த்து ஜனங்களைத் தூண்டிவிட்டார்கள். அதிமேற்றிராணியார் முதலில் தகப்பனைப்போல் எச்சரித்துக் கடிதம் எழுதினார். அவர்கள் கேளாமற்போகவே, ஏப்ரல் 16-ந் தேதி, பெரிய வாரத்துத் திங்கட்கிழமையன்று, பெரெஸ் உள்ளிட்ட மூவரைத் திருச்சபையினின்று புறம்பாக்கினார். அந்த ஆண்டே பள்ளிக்கூடங்கள் திறந்தன. எல்லா நிறத்துப் பிள்ளைகளும் ஒன்றாய் உட்கார்ந்தார்கள். பெரெஸ் 1969-ல் இறந்தார். அதற்கு முன்பே திருச்சபையோடு ஒப்புரவாகி, கத்தோலிக்க முறைப்படி அடக்கம் பெற்றார்.

இனிப் பையன் வீட்டில் பேசப்பட்ட காரியம். 2022 மே 20-ந் தேதி, சான் பிரான்சிஸ்கோ அதிமேற்றிராணியார் சல்வதோரே கோர்திலேயோனே, அப்போது அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் சபாநாயகராயிருந்த நான்சி பெலோசி அம்மாள் நன்மைக்கு அனுமதிக்கப்படலாகாது என்று அறிவித்தார். கருச்சிதைவு உரிமையைச் சட்டமாக்க அந்த அம்மாள் பகிரங்கமாய் உழைத்ததே காரணம். ஏப்ரலில் முன்னெச்சரிக்கைக் கடிதமும் எழுதியிருந்தார். ஆனால் எல்லா மேற்றிராணிமாரும் இவ்வழியில் செல்லவில்லை. வாஷிங்டன் அதிமேற்றிராணியாராயிருந்த கர்தினால் வில்டன் கிரகோரி, ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த பைடனுக்குத் தாம் மறுக்கப்போவதில்லை என்று 2020-ல் சொன்னார். பிரான்சிஸ் பாப்பாண்டவரை 2021 செப்டம்பரில் பத்திரிகைக்காரர்கள் கேட்டபோது, கருச்சிதைவு கொலையே என்று உறுதியாய்ச் சொல்லி, அதே மூச்சில், தாம் ஒருவருக்கும் நன்மை மறுத்ததில்லை என்றும், மேற்றிராணிமார் மேய்ப்பர்களாய் நடக்க வேண்டும் என்றும் சொன்னார்.

இதைக் கண்டு இடறலடைய வேண்டாம். கருவிலிருக்கும் சிசுவின் உயிர் பரிசுத்தமானது என்பதில் இவர்களுக்குள் வேற்றுமையில்லை. சட்டமும் ஒன்றே. பாவத்தில் நேரடியாய்க் கலந்துகொள்வதற்கும் சட்டசபையில் வாக்களிப்பதற்கும் என்ன தொடர்பு, இந்த ஆள் பிடிவாதமாய் நிற்கிறாரா, எச்சரிக்கை போதுமான அளவு நடந்ததா, மறுப்பதால் ஆத்துமங்கள் திரும்புமா, கட்சிச் சண்டைதான் வளருமா என்று நிதானிப்பதில்தான் வேற்றுமை. அந்த நிதானத்தைத் திருச்சபை மேய்ப்பர்களிடம் ஒப்படைத்திருக்கிறது. வரிசையில் நிற்கிற உங்களிடமும் என்னிடமும் அல்லவே!

இதைத்தான் நான் முக்கியமாய்ச் சொல்ல வந்தேன். பூசையில் நன்மை வாங்குகிற நேரத்தில் நம் கண் எங்கே போகிறது? "அவள் எந்த முகத்தோடு போகிறாள்?" "அவன் போனவாரம் என்ன செய்தான் தெரியுமா?" என்று பெஞ்சுகளில் கிசுகிசுப்பதை நான் பீடத்திலிருந்தே கேட்டிருக்கிறேன். நீங்கள் அறிந்த பாவத்தை அவள் நேற்று மாலையே பாவசங்கீர்த்தனத்தில் இறக்கி வைத்திருக்கலாம். அதை நீங்கள் அறியமாட்டீர்கள். நான் அறிந்திருந்தாலும் சொல்லமாட்டேன். 915-ம் எண்ணைக் கையில் தடியாகப் பிடித்துக்கொண்டு 916-ம் எண்ணை மறந்துவிடுகிறவன், பிறத்தியான் வீட்டுக் குப்பையைப் பார்த்துத் தன் வீட்டைப் பெருக்காமல் விடுகிறவன்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஏதோ ஒரு பழைய பாவத்துக்காக, அல்லது சிக்கலில் மாட்டிக்கொண்ட வாழ்க்கைக்காக, வருஷக்கணக்கில் நன்மை வாங்காமல் கடைசிப் பெஞ்சில் முழந்தாளிட்டு அழுகிற சிலரை நான் அறிவேன். பிள்ளைகள் புதுநன்மை வாங்குகிற நாளில் அவர்கள் முகத்தைப் பார்க்க எனக்குத் தாளாது. அவர்களுக்கு நான் சொல்லுவது: தகுதியில்லாமல் வாங்க அஞ்சி நிற்கிற உங்கள் பயபக்தியைச் சர்வேசுரன் காண்கிறார். ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். தனியே என்னிடம் வாருங்கள். சரிப்படுத்தக்கூடியதைச் சரிப்படுத்துவோம். உடனே சரிப்படுத்த முடியாததைச் சேர்ந்து சுமப்போம்.

பையனுக்கு நான் கடைசியாகச் சொன்னதும் இதுதான். "தம்பி, சேசுநாதர் பாவிகளோடு பந்தியிருந்தது மெய்தான். சக்கேயு வீட்டிலும் சாப்பிட்டார். சாப்பாடு முடியுமுன் சக்கேயு, ஏமாற்றி வாங்கியதை நாலத்தனையாய்த் திருப்பித் தருவதாக எழுந்து நின்று சொன்னானா இல்லையா? அவனை அப்படியே விட்டுவிட ஆண்டவர் அவன் வீட்டுக்குப் போகவில்லை. திருச்சபை ஒருவனைக் கொஞ்சகாலம் பந்திக்கு வெளியே நிறுத்தினாலும், அவன் உள்ளே வருவதற்காகவே நிறுத்துகிறது."

பையன் சற்றே யோசித்து, "அவன் வராமலே சாகக் கிடந்தால், சாமி?" என்றான்.

அதற்கும் சட்டத்தில் இடமுண்டு. 976-ம் எண்ணை அவனுக்கு விளக்கிச் சொன்னேன். மரண ஆபத்திலிருக்கிறவன் மனஸ்தாபப்பட்டால், பாவசங்கீர்த்தனம் கேட்க உத்தரவில்லாத குருகூட, குரு என்ற ஒரே காரணத்தால், அவனுடைய எந்தப் பாவத்தையும் எந்தச் சபைத் தண்டனையையும் மன்னித்துத் தீர்க்கலாம். சக்கரவர்த்தியானாலும் சபாநாயகரானாலும் கூலிக்காரனானாலும் விதி ஒன்றே.

மரணம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சனிக்கிழமை மாலை 5 மணி முதல் கோவிலில் பாவசங்கீர்த்தனம் கேட்க உட்கார்ந்திருப்பேன். வாருங்கள்.

உங்கள் பங்குச் சுவாமி