நிழலும் பக்குவமும்

மூன்று வயது முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகள் பகற்பொழுதைக் கழிக்கும் இடம் அமைதியும் இதமும் உடையதாக, அவசரம் நுழையாததாக இருக்க வேண்டும் என்று சொல்லும்போது, சுவரின் நிறத்தையும் தரையில் விரிக்கும் பாயையும் பற்றிய பேச்சாகவே அது தோன்றினாலும், அதன் அடியில் கிடப்பது பழைய சமயக் கேள்வி ஒன்று. குழந்தை பின்னாளில் வரப்போகும் ஒருவருக்கான முன்னேற்பாடா, இப்பொழுதே நிறைவுடைய ஓர் உயிரா?

கன்னியாகுமரி மாவட்டத்து நாஞ்சில் நாட்டில் இக்கேள்விக்கான விடையின் ஒரு பகுதி சொற்களிலேயே தங்கியிருக்கிறது. பள்ளி என்பதற்குப் படுக்கை, உறங்குமிடம் என்பனவும் பொருள். சமணத் துறவியர் தங்கிய பள்ளிகளில் கல்வியும் நடந்ததால் பள்ளிக்கூடம் என்ற சொல் பிறந்தது என்பர் ஆய்வாளர் பலர். ஒன்பதாம் நூற்றாண்டுச் சமணச் சிற்பங்கள் உள்ள சிதறால் மலை இம்மாவட்டத்திலேயே இருக்கிறது. கற்குமிடத்தின் பெயருக்குள் இளைப்பாறுதல் இருப்பதைத் தற்செயல் என்று தள்ளிவிடலாம். ஆனால் அதே மண்ணில் பத்தொன்பதாம் நூற்றாண்டில், அய்யா வழி என்னும் சமயநெறிக்கு மூலவரான அய்யா வைகுண்டரின் (1809–1851) வழியினர் தங்கள் வழிபாட்டிடங்களுக்கு நிழல் தாங்கல் என்று பெயரிட்டதை அப்படித் தள்ள முடியாது. வெயிலில் நடந்தவருக்கு நிழல், தளர்ந்தவருக்குத் தாங்கல் என விரியும் அப்பெயருடைய இந்த எளிய இடங்கள், தொடக்க காலத்தில் ஊர்ப்பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கும் இடங்களாகவும் விளங்கின.

அய்யா வழியின் தலைமைப்பதியான சுவாமித்தோப்பின் கருவறையாகிய பள்ளியறையில் உருவச்சிலைக்குப் பதிலாகக் கண்ணாடி வைக்கப்பட்டுள்ளது. வணங்க வருபவர் அதில் தம்மையே காண்கிறார், அதாவது தேடப்படும் பொருள் தேடுபவரிடத்திலேயே இருப்பதை உணர்கிறார். இக்கருத்தை அதன் எல்லைவரை கொண்டுசென்றால், அக்கண்ணாடியின் முன் நிற்கும் நான்கு வயதுக் குழந்தையிடமும் குறை எதுவும் சொல்ல இயலாது. வளர்ந்த பின்னரே இறைவன் அதனுள் வந்து குடியேறுவான் என்று எந்த அய்யா வழியினரும் சொல்லமாட்டார்.

ஆயினும் அவசரத்துக்கும் இம்மண்ணில் ஒரு நியாயமான வரலாறு உண்டு. திருவிதாங்கூர் ஆட்சியில் பெண்கள் தோளை மறைக்கும் உரிமைக்கே 1859 வரை போராட வேண்டியிருந்த மக்களுக்கு எழுத்து என்பது எட்டிப் பிடித்தாக வேண்டிய கரையாக இருந்தது. 2011 கணக்கெடுப்பில் 91.75 விழுக்காட்டு எழுத்தறிவுடன் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டில் முதலிடம் பெற்றது அந்த ஓட்டத்தின் பயனும்தான். எனவே எல்.கே.ஜி. பிள்ளையின் கையைப் பிடித்து வரி வரியாக எழுத வைக்கும் பெற்றோரைப் பேராசைக்காரர் என்று பழிப்பது வரலாறு அறியாத பேச்சு; அவர்களை விரட்டுவது முந்தைய தலைமுறைகளின் அச்சம். எனினும் அந்த அச்சத்தின் கடனை நான்கு வயதுப் பிள்ளையின் விரல்கள் ஏன் அடைக்க வேண்டும் என்ற கேள்விக்கு இந்த நியாயம் விடையாகாது.

வேறொரு மரபான சைவ சித்தாந்தம் இங்கே துணைக்கு வருகிறது. உயிரைப் பற்றியிருக்கும் ஆணவமலம் என்னும் அறியாமை இருள் நீங்குதற்குரிய நிலையை எய்துவதை அது மலபரிபாகம் என்றும், அந்நிலையில் அருள் பதிவதைச் சத்திநிபாதம் என்றும் கூறி, பின்னதை மந்ததரம், மந்தம், தீவிரம், தீவிரதரம் என நான்காகப் பகுக்கிறது. வெளியிலிருந்து அடித்துப் பழுக்க வைக்க முடியாத பக்குவம் உயிருக்கு உயிர் வேறுபடும் என்பதும், மந்தமாக வருவதும் அருளின் வரவே என்பதும் இப்பகுப்பில் அடங்கியுள்ளன. சித்தாந்தத்தில் அருளின் ஒரு படியைக் குறிக்கும் மந்தம் என்ற சொல், வகுப்பறைக்குள் நுழைந்ததும் வசையாகிவிட்டது வருந்தத்தக்கது.

பழமை முழுவதும் அமைதியாக இருந்தது என்று இதனால் கொள்ள வேண்டியதில்லை. திண்ணைப் பள்ளிகளில் பிரம்பு ஓயாமல் உழைத்தது. மேலும் அமைதி என்பது கற்பிப்பவரின் குணத்தால் மட்டும் விளைவதும் அன்று. 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் கீழ் நடக்கும் அங்கன்வாடியில், ஊர்வழக்கில் பால்வாடியில், பணியாளர் ஒருவரே பிள்ளைகளின் எடையைப் பார்த்து, பதிவேடுகளை நிரப்பி, வீடு வீடாகச் சென்று தாய்மாரைக் கண்டு, இடையில் கதையும் சொல்ல வேண்டியிருக்கும்போது, அவரிடம் நிதானத்தை எதிர்பார்ப்பது எளிதன்று.

சுமப்பவரின் அளவறிந்து இளைப்பாற இடம் தருவதற்கு இம்மண்ணிலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. நாஞ்சில் நாட்டுப் பழைய சாலையோரங்களில் கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாக நடப்பட்ட சுமைதாங்கிகள் உண்டு. இரண்டு நிலைக்கற்களின் மேல் ஒரு கிடைக்கல் என்பதே அவற்றின் அமைப்பு. தலைச்சுமையுடன் வருபவர் பிறர் கைகொடுக்காமலே இறக்கவும் மீண்டும் ஏற்றிக்கொள்ளவும் ஏற்றவாறு, சுமப்பவரின் உயரத்தை அளவாகக் கொண்டு அக்கிடைக்கல்லை வைத்தார்கள்.