கோபுரம் கட்டியது யார் காசு?



சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் உள்ள ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலுக்குப் போனவர்கள் அதன் ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்திருப்பீர்கள். 1979-இல் 300,000 வெள்ளி செலவில் எழுந்த கோபுரம் அது. கொடுத்தவர் பி. கோவிந்தசாமி பிள்ளை. ‘பி.ஜி.பி.’ என்றால் நம் தாத்தா பாட்டிகளுக்குத் தெரியும். தீபாவளிப் புடவை என்றாலே பலருக்கு அந்தக் கடைதான். 1887-இல் பிறந்தவர், இளவயதில் கப்பலேறி வந்து, சம்பளம் இல்லாமல் சாப்பாட்டுக்கும் தங்குமிடத்துக்கும் மளிகைக் கடையில் வேலை பார்த்தவர். பின்னாளில் சொந்தக் கடைகள் நடத்தினார். 1939-இல் சமாதான நீதிபதி ஆனார். அதே கோயிலில் கல்யாண மண்டபமும் அவர் கொடைதான். 1980-இல் காலமானார்.

இதைச் சொன்னபோது நண்பர் ஒருவர் கேட்டார்: “அந்தக் காசே நம்ம ஆளுங்க புடவை வாங்கின காசுதானே? லாபத்துல கொஞ்சம் எடுத்துக் குடுக்கிறது பெரிய தர்மமா?”

நல்ல கேள்வி. என் பதில் இதுதான். நியாயமான விலைக்கு விற்றுச் சம்பாதித்த லாபம் வியாபாரிக்குச் சொந்தம். அதை அவர் பெட்டியில் பூட்டி வைத்திருந்தாலும் யாரும் கேட்டிருக்க முடியாது. பூட்டாமல் ஊருக்குக் கொடுத்தது தர்மம்தான். ஆனால் எடையில் ஏமாற்றிவிட்டு, பிறகு உண்டியலில் போட்டால் அது தர்மம் ஆகாது. பிறர் பொருளையும் தம் பொருள்போல் பார்த்து வாணிகம் செய்யணும் என்று வள்ளுவர் நடுவுநிலைமையில்தான் சொல்கிறார், ஈகையில் இல்லை. முதல் தர்மம் தராசில். கோபுரம் அதற்கு அப்புறம்.

சரி, கடைக்காரருக்குத் தர்மம் சொல்லிவிட்டோம். வாங்குகிற நமக்கு?

தங்கா பத்து வட்டாரத்தில் தோட்டத்துக் குடும்பங்களைக் காப்பாற்றியது சின்ன மளிகைக் கடைகளின் 555 நோட்டு. சம்பளம் வரும்வரை அரிசி, பருப்பு எல்லாம் அதில் எழுதிக்கொண்டு கொடுத்தார்கள். வட்டி இல்லை, பத்திரம் இல்லை, நம்பிக்கை மட்டும்தான். பத்திரிகையில் வராத பொதுச்சேவை அது. இன்று கையில் காசு இருந்தால் ஆயர் குரோ பேரங்காடிக்குப் போகிறோம். காசு இல்லையென்றால் “அண்ணே, எழுதிக்கோங்க” என்று பக்கத்துக் கடைக்குப் போகிறோம். மலிவாகக் கிடைக்கிற இடத்தில் வாங்குவது தப்பில்லை. மொத்தமாகக் கொள்முதல் செய்கிற பெரிய கடையோடு சின்னக் கடை விலையில் போட்டி போட முடியாது. ஆனால் பழைய பாக்கியை அப்படியே விட்டுவிட்டு, அந்தக் கடை வாசலைத் தாண்டிப் போய் வேறிடத்தில் ரொக்கம் கொடுப்பது நியாயமா?

கடைக்காரர் கொடையாளியாக இருக்கணும் என்று எதிர்பார்க்கிற நாம், முதலில் நாணயமான வாடிக்கையாளராக இருப்போம். இந்தத் தீபாவளிக்குப் புதுத்துணி எடுக்கும் முன், வீட்டில் ஒரு வார்த்தை கேளுங்கள்: “அண்ணன் கடை நோட்டுல நம்ம பாக்கி எவ்வளவு?”